மூன்றாம் லைனின் பூச்சியம்

தண்டெனோங் சவுத்தில் உள்ள அந்த ரொட்டித் தொழிற்சாலையில், மூன்றாம் லைன்காரருக்கு மூத்திரம் வராது. வதந்தி என்று நினைத்துவிடாதீர்கள். கம்பனியின் கடதாசியிலேயே அப்படித்தான் இருந்தது. லைனில் பதினொரு பேர், பதினொருவரும் தமிழர், பதினொருவருக்கும் பூச்சியம்.

கம்பனி மெக்சிக்கோக்காரருடையது. அமெரிக்க எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் அவர்களுக்குப் பெரிய ஆலை ஒன்று உண்டு. அங்கே நாலாயிரம் பேர் வேலை செய்தார்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள். மெல்பேர்ணில் இருந்தது அதன் குட்டி. சோள ரொட்டியைச் சுட்டு, பத்துப் பத்தாக அடுக்கி, பையில் போட்டு சுப்பர்மார்க்கெட்டுகளுக்கு அனுப்புவார்கள். பையில் அகலத் தொப்பி போட்ட ஒரு மீசைக்காரர் சிரித்துக்கொண்டு இருப்பார். உள்ளே மருந்துக்குக்கூட ஒரு மெக்சிக்கோக்காரர் கிடையாது. முதலாம் லைனில் வியட்நாம்காரர், இரண்டில் ஆப்கானியர், மூன்றில் நம்மவர்.

எல்லையோர ஆலையில் கழிப்பறைக்குப் போக மஞ்சள் அட்டை வேண்டும். நாற்பது பேர் நிற்கிற லைனுக்கு இரண்டே இரண்டு அட்டை. அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும். மூன்று கடிதம் சேர்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒஸ்திரேலியாவில் அப்படிச் செய்தால் பார்ப்பவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று நிர்வாகம் யோசித்தது. யோசித்து, தொழிலாளியின் குரலுக்கு மதிப்புக் கொடுத்தது. வேலைக்குச் சேரும் அன்று நிரப்புகிற படிவத்தில் பதினாலாவது கேள்வியாக, 'ஒரு ஷிப்டில் உங்களுக்கு எத்தனை தடவை கழிப்பறைக்குப் போகும் தேவை ஏற்படும்?' என்று கேட்டது. பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என நாலு பெட்டி. நீங்களே சொல்லுங்கள், நீங்கள் சொன்ன கணக்குக்கு அட்டை தருகிறோம் என்றது. இதைவிட ஜனநாயகம் எங்கே இருக்கிறது?

ஐந்து வருஷத்துக்கு முன் தாட்சாயினி அந்தப் படிவத்தை நிரப்பியபோது பக்கத்துக் கதிரையில் சிறிதரன் இருந்தார். ஐம்பது வயசு தாண்டிய மனிதர். அகதி விசாரணையில் முதல் தடவை, தன்னைப் பிடித்துக்கொண்டு போன பஸ் சிவப்பு என்று சொல்லியிருந்தார். இரண்டாம் தடவை வெள்ளை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். வழக்கு அதோடு படுத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எதையும் இரண்டு விதமாகச் சொன்னதில்லை. தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று கேட்டால்கூட, போன முறை என்ன சொன்னேன் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார்.

"பூச்சியத்தில போடு பிள்ளை" என்றார்.

"அண்ணை, எட்டரை மணித்தியாலம் எல்லே?"

"மூண்டு எண்டு போட்டா, உது நோய் பிடிச்ச வருத்தக்காறி எண்டு அனுப்பிப்போடுவாங்கள். பூச்சியம் எண்டா ஒரு கேள்வியும் வராது. ஆனா ஒண்டு. முதல் என்ன சொல்லுறியோ, அதைப் பிறகு மாத்தப்படாது. மாத்தினா முடிஞ்சுது."

தாட்சாயினி பூச்சியத்தில் புள்ளடி போட்டாள். அவளுக்கும் ஒரு கோப்பு இருந்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் படகில் வந்தவள். புருஷனும் மகளும் கிளிநொச்சியில். விட்டுவிட்டு வந்தபோது மகளுக்கு ஆறு வயசு, இப்போது பத்தொன்பது. ஒரு தடவை நிராகரித்து, திரும்ப மனுப்போட்டு, அந்தக் கோப்பு எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. அது எழும்பி வந்தால்தான் மகளைப் பார்க்கலாம். ஆகவே பேரோ திகதியோ நிறமோ, ஒரு கடதாசியில் சொன்னதும் இன்னொரு கடதாசியில் சொன்னதும் அச்சொட்டாகப் பொருந்தவேண்டும் என்பதில் அவள் கண்ணும் கருத்துமாய் இருந்தாள்.

பிறகு வந்த தமிழர்களுக்கும் சிறிதரன்தான் புத்தி சொன்னார். எல்லோரும் பூச்சியம். மூன்றாம் லைனுக்கு அட்டை தேவைப்படவில்லை. அட்டை மாட்டும் கொளுக்கியைக்கூடச் சுவரிலிருந்து கழற்றி, தேவையுள்ள இன்னொரு லைனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்பீர்கள். குடிக்காமல் விட்டார்கள், வேறென்ன? தாட்சாயினி நோபிள் பார்க்கில் ஒரு யூனிட்டில் இருந்தாள். ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை. விடிய ஐந்தேகாலுக்கு சிறிதரனின் வான் வாசலில் ஹோன் அடிக்கும்போது வரிசையில் அவள் ஐந்தாவதாக நின்றுகொண்டிருப்பாள். அப்படியே வந்து ஏறுவாள். தேத்தண்ணி கிடையாது. நாக்கு ஒட்டினால் ஒரு மிடறு. மத்தியானம் அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம். கையுறை, மேலங்கி, தலைவலை, சப்பாத்து எல்லாம் கழற்றி, கட்டடத்தின் மற்ற அந்தத்துக்கு நடந்தால் கழிப்பறை வாசலில் ஐம்பது பெண்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை கிடைக்கும். மற்ற நாட்களில் அடுப்பு வெக்கையிலேயே வற்றிவிடும்.

ஒரு தடவை தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் துண்டுப்பிரசுரத்தோடு வந்து, ஏதும் குறை இருக்கிறதா என்று கேட்டார். பதினொருவரும் ஆளையாள் பார்த்தார்கள். இவரும் ஒரு விசாரணைக்காரர்தானே? பூச்சியம் என்று அவருக்கும் சொன்னார்கள். அவர் பேயறைந்த மாதிரித் திரும்பிப் போனார்.

கம்பனிக்கோ பெருமை பிடிபடவில்லை. போன வருஷம் சாப்பாட்டு அறையில் விழா வைத்தார்கள். தொப்பி போட்ட கள்ளிச்செடி படத்தோடு, 'மூன்றாம் லைன்: பூச்சியம்!' என்று பெரிய பனர். அதன் கீழே பதினொருவரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பரிசாக ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். ஒரு லீற்றர் பிடிக்கும்.

இந்த வருஷம் மார்ச்சில் தாட்சாயினிக்கு மூன்றாம் தடவையாகக் காய்ச்சல் வந்தது. இடுப்புக்கு மேலே இடப் பக்கம் குத்தி எடுத்தது. ஸ்பிரிங்வேலில் டொக்டர் ஷாமினியிடம் போனாள். மலேசியாக்காரி, சின்ன வயசு, சுள்ளென்று பேசுகிறவள்.

"அக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

"குடிக்கிறனான் டொக்டர்."

"எவ்வளவு?"

தாட்சாயினி பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் காட்டினாள். டொக்டர் பேனையை மேசையில் வைத்தாள்.

"கிட்னியில போயி உக்காந்துருச்சு அக்கா. இன்னொரு தடவை வந்தா அந்தப் பக்கத்துக் கிட்னி அவ்வளவுதான். விளையாட்டா சொல்லல. ரெண்டு லிட்டர் குடிக்கணும், வந்தா உடனே போகணும். லெட்டர் தர்றேன், கொண்டு போய்க் குடுங்க. கொழந்தைக்குக்கூட இதுக்கு லெட்டர் வேணாம்" என்று சொல்லிச் சொல்லியே எழுதினாள்.

கடிதத்தை, வேலையாட்களின் கோப்புகளைப் பார்க்கிற ஆளணிப் பகுதி மெலிசாவிடம் தாட்சாயினி கொடுத்தாள். மெலிசா கெட்டவள் இல்லை. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்குகிறவள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"ஆனால் நீங்கள் பூச்சியம் என்றல்லவா சொல்லியிருக்கிறீர்கள்?"

"யெஸ்."

"அப்படியானால் உங்கள் நிலைமை மாறியிருக்கிறது" என்று சொல்லி, மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். தலைப்பு: நிலைமை மாற்ற அறிவித்தல். இதே தலைப்போடு ஒரு படிவம் தாட்சாயினியின் வழக்குக் கோப்பிலும் இருந்தது.

"இந்தத் தேவை முதன்முதலில் ஏற்பட்ட திகதி?" மெலிசா பேனையோடு காத்திருந்தாள். "சரியாகத் தெரியாவிட்டால் உத்தேசமாகச் சொல்லுங்கள்."

தாட்சாயினி மேசையில் கிடந்த டொக்டரின் கடிதத்தைப் பார்த்தாள்.

"வேலையில் சேர முந்தியா, பிந்தியா? முந்தியே இருந்தது என்றால், சேரும்போது நீங்கள் சொன்னது பிழையாகிவிடும். பிந்தி என்றால், எப்படித் தொடங்கியது என்று எழுதவேண்டும். காப்புறுதிக்காரர் கேட்பார்கள். அதோடு இரண்டு சாட்சி வேண்டும். உங்களுக்கு இந்தத் தேவை இருப்பதை நேரில் அறிந்தவர்கள்."

தாட்சாயினி படிவத்தை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு லைனுக்குத் திரும்பினாள். அன்று பின்னேரம் வானில் அதைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் படித்தார்கள். சிறிதரன் வான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

"சொல்லு. முந்தியோ, பிந்தியோ?"

"முந்தி எண்டு சொன்னா, அண்டைக்குப் பொய் சொன்னனான் எண்டு வரும்."

"ஓம். பிந்தி?"

"பிந்தி எண்டா வருத்தக்காறி."

"ரெண்டும் பிழை. அப்ப ஒண்டும் எழுதாத. பேசாம இரு."

பின்னால் இருந்த கமலினி பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள். தாட்சாயினியோடு ஒரே அறையில் இருக்கிறவள், லைனிலும் பக்கத்தில் நிற்கிறவள். "அண்ணை, அவளுக்குக் கிட்னி போகப்போகுது. நீங்கள் கதைக்கிறது என்ன கதை?"

"விசா போனா? எல்லாம் கொம்பியூட்டர் பிள்ளை. ஒண்டோட ஒண்டு கதைக்கும். அஞ்சு வருஷமா பூச்சியம் எண்டு சொன்ன ஆள் திடீரெண்டு ரெண்டு எண்டா, இவள் மற்றதுகளிலும் பொய்தான் சொல்லியிருப்பாள் எண்டு நினைக்கமாட்டினமே?"

தாட்சாயினிக்கு ஒரு பக்கம் கிட்னி, மற்றப் பக்கம் மகள். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர்தான் வந்தது. அந்த நீருக்கு மட்டும் அட்டை கேட்பதில்லை.

அடுத்த கிழமை மெலிசாவே லைனுக்கு வந்தாள். படிவத்தைக் கொஞ்சம் பிந்திக் கொடுக்கச் சொன்னாள். எல்லையோர ஆலையிலிருந்து தூதுக்குழு ஒன்று வரப்போகிறதாம். எட்டுப் பேர். மூன்றாம் லைனின் பூச்சியத்தைப் படித்துக்கொண்டு போய் அங்கே நடைமுறைப்படுத்தப் போகிறார்களாம். இந்த நேரத்தில் ஒன்று என்று வந்தால் அழகாய் இராது. அதுமட்டுமில்லை, செய்துகாட்டுவதற்கு மேலாளர் கிரெக் தேர்ந்தெடுத்த ஆளும் தாட்சாயினிதான். லைனில் நீண்ட காலம் பூச்சியத்தில் இருப்பவர்களில் அவள்தான் சிரித்த முகமாம்.

எதைச் செய்துகாட்டுவது? போகாமல் இருப்பதையா? அதை எப்படிக் காட்டுவது என்று கிரெக்கும் மெலிசாவும் இரண்டு கூட்டம் வைத்து யோசித்தார்கள். கடைசியில், அவள் வழக்கம்போல வேலை செய்யட்டும், அவர்கள் நின்று பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. விருந்தினரை மகிழ்விக்க மூன்றாம் லைனுக்கு மெக்சிக்கோத் தொப்பி கொடுத்தார்கள். சுகாதாரப் பகுதிக்காரர் வந்து, தொப்பிக்கு மேலே வலை போடாவிட்டால் ரொட்டிக்குப் பக்கத்தில் விடமாட்டோம் என்றார். அவ்வளவு பெரிய தலைவலை கடையில் இல்லை. கடைசியில் மாட்டிறைச்சி மூடுகிற வலையை வெட்டித் தைத்தார்கள்.

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, குழு வந்தது. தாட்சாயினி அன்று விடிய எழுந்து பரிசுப் போத்தலை நிரப்பி முழுவதையும் குடித்துவிட்டுத்தான் வானில் ஏறினாள். முதல் நாள் இரவே மீண்டும் குத்தத் தொடங்கியிருந்தது. டொக்டர் சொன்னதை அவளால் மறக்க முடியவில்லை. குடிப்பதைக் குடிப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று நினைத்தாள். அந்த மற்றது எட்டு மணிக்கே வந்துவிட்டது.

கழுத்துப்பட்டி கட்டிய ஏழு ஆண்கள். எட்டாவது ஆள் ஒரு பெண். குள்ளம், ஐம்பத்தைந்து வயசு இருக்கும், பேர் ஒத்தீலியா. முன்பு லைனில் நின்றவளாம், இப்போது பயிற்றுநராம். தொழிலாளியின் இரகசியம் தொழிலாளிக்குத்தான் பிடிபடும் என்று அவளைக் கூட்டிவந்து தாட்சாயினிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் அடுப்பைப் பார்க்கப் போனார்கள். பதினொரு தொப்பிகளையும் வலைகளையும் ஒத்தீலியா ஒரு தடவை பார்த்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு, கோணல் ரொட்டிகளைத் தாட்சாயினியைவிட வேகமாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

இருவருக்கும் இங்கிலீஸ் அரைகுறை. ஆனால் இரைச்சலுக்குள் அரைகுறைதான் நன்றாக விளங்கும்.

"எத்தனை வருஷம்?" என்று ஒத்தீலியா கேட்டாள்.

"ஐந்து. நீங்கள்?"

"இருபத்திரண்டு." இடுப்பைத் தட்டிக் காட்டி ஒரு விரலை உயர்த்தினாள். "இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதை எடுத்துவிட்டார்கள்."

தாட்சாயினியின் கை நின்றுவிட்டது. நாலு கோணல் ரொட்டி அவளைத் தாண்டிப் போயிற்று.

"நாங்கள் மூன்றாவது அட்டை கேட்டு மனு எழுதினோம்" என்றாள் ஒத்தீலியா. "ஆயிரத்தெண்ணூறு பெண்கள் கையெழுத்து. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிலுக்கு அவர்கள் ஒரு படத்தைக் காட்டினார்கள்." பையிலிருந்து தொலைபேசியை எடுத்து நீட்டினாள். கள்ளிச்செடி பனருக்குக் கீழே பதினொரு பேர், கையில் போத்தலோடு. நடுவில் தாட்சாயினி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அவர்களால் முடிகிறது, உங்களால் ஏன் முடியாது என்று கேட்டார்கள். வரும் மாதம் இருக்கிற இரண்டு அட்டையையும் எடுத்துவிடுவார்கள். எப்படி என்று நான் பார்த்துக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எப்படிச் செய்கிறீர்கள்?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஏதாவது குளிசை இருந்தால் நாலாயிரம் பேருக்கும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருப்பாள் போல.

தாட்சாயினிக்கு வெட்கமாய்ப் போயிற்று. இத்தனை வருஷமும் அந்தப் பூச்சியத்தைத் தன்னுடைய சொந்தத் தொல்லை என்றே நினைத்திருந்தாள். பயத்தில் போட்ட ஒரு புள்ளடி கடல் தாண்டிப் போய், முன்பின் தெரியாத பெண்களின் தலையில் விழுந்திருக்கிறது. அவர்கள் வீட்டிலும் மகள்கள் இருப்பார்கள். அவள் மகளின் வயசுப் பிள்ளைகள் அந்த லைனிலேயே நிற்கக்கூடும். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயம் இருந்தது. ஆனால் வெட்கம் அதைவிடப் பெரிதாய் இருந்தது. அதற்கும் மேலே, இனி ஒரு நிமிஷமும் தாங்காது என்கிற அவசரமும் இருந்தது.

"கம்" என்று சொல்லிவிட்டு லைனை விட்டு இறங்கினாள்.

"பிள்ளை, எங்க போறாய்? பிள்ளை!" எதிர்ப்பக்கத்தில் நின்ற சிறிதரன் தொப்பிக்குள் இருந்து அலறினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிரெக் அடுப்படியில் இருந்து ஓடிவந்தார்.

"எங்கே போகிறீர்கள்?"

"காட்டப் போகிறேன்" என்றாள் தாட்சாயினி.

கிரெக்கின் முகம் மலர்ந்தது. கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார். ஏழு கழுத்துப்பட்டிக்காரரும், மெலிசாவும், வீடியோ எடுக்க வந்தவரும் பின்னால் வந்தார்கள். தாட்சாயினி வலையைக் கழற்றினாள், தொப்பியைக் கழற்றினாள், மேலங்கியைக் கழற்றிக் கொளுவினாள், கை கழுவினாள். ஒவ்வொன்றையும் அவர்கள் குறித்துக்கொண்டார்கள். இரண்டு சுவருக்கு நடுவே போகிற நீண்ட ஓடையால் நடந்து, கட்டடத்தின் மற்ற அந்தத்துக்குப் போய், பெண்கள் கழிப்பறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒத்தீலியாவும் உள்ளே போனாள். ஆண்கள் வாசலில் நின்றார்கள்.

உள்ளே இருந்தவளுக்கு வெளியே கிரெக் பேசுவது தெளிவாகக் கேட்டது. வீடியோவுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். "இதுதான் எங்கள் கழிப்பறை. பெரிய செலவில் கட்டியது. மூன்றாம் லைன் இதைப் பயன்படுத்துவதே இல்லை. ஏன் என்று நீங்கள் கேட்கலாம்."

அவர்கள் கேட்க முந்தி உள்ளே தண்ணீர் இழுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, பக்கத்து அறையிலும் இழுக்கிற சத்தம் கேட்டது. வெளியே பேச்சு நின்றுபோயிற்று.

தாட்சாயினி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குழுவின் தலைவர் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இப்போது நீங்கள் என்ன காட்டினீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"நாங்கள் செய்வது இப்படித்தான்" என்றாள் தாட்சாயினி. "விட்டால்."

ஒத்தீலியா அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். அவள் சொன்னது நாலு சொல்லைவிட நிறைய நீளமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவள் மட்டும் சிரித்தாள்.

மெலிசா பதறிப்போய்க் கையோடு வைத்திருந்த படிவம் ஒன்றை நீட்டினாள். "இவருடைய நிலைமை சமீபத்தில்தான் மாறியது. படிவம் கொடுக்க இருந்தார். அப்படித்தானே? திகதியைச் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்."

தாட்சாயினி யோசித்தாள். எந்தத் திகதியைச் சொன்னால் முந்தியதோடு முரண்படாது? அவளுடைய எல்லாக் கடதாசியிலும், முதல் விசாரணையிலும் இரண்டாம் விசாரணையிலும், ஒரு தடவைகூட மாறாத திகதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்திரண்டு, ஒக்ரோபர் ஒன்பது."

மெலிசா எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "இது உங்கள் பிறந்த திகதியல்லவா?"

"யெஸ். அன்றைக்குத்தான் தொடங்கியது."

சாட்சி என்ற இடத்தில் ஒத்தீலியா ஒரு கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது சாட்சிக்குப் பேனையை நீட்டியபோது ஆண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். லைனை விட்டுப் பின்னாலேயே வந்திருந்த கமலினி ஓடையின் முனையிலிருந்து ஓடிவந்து போட்டாள்.

அடுத்த நாளே தாட்சாயினிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலைக்குச் சேரும்போது பொய்யான தகவல் கொடுத்தமைக்காக. கடிதத்தோடு ஒரு மஞ்சள் அட்டையும் வந்தது, அவள் பேர் போட்டு. வேறு ஒருவரும் அதைத் தொடக்கூடாது. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்வந்தாள். பத்துச் சோடிக் கண் அவளைப் பார்த்தது.

இரண்டு நாளில் கமலினி படிவம் கேட்டாள். திகதி என்ற இடத்தில் தன் பிறந்த திகதியை எழுதினாள். பிறகு நாளுக்கு ஒருவராக எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எச்சரிக்கை, ஒரு அட்டை. கழற்றிய கொளுக்கியை மெலிசா முதலாம் லைனிலிருந்து திரும்ப வாங்கி வந்து பூட்டுவித்தாள். எல்லையிலிருந்து ஒத்தீலியா வட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். இரண்டு அட்டையும் இருந்த இடத்திலேயே தொங்கின. மூன்றாவதைக் கொடுக்கவில்லை. மனு திரும்ப எழுதுகிறோம் என்று கீழே போட்டிருந்தாள்.

மிச்சம் சிறிதரன் ஒருவர்தான். அவர் தாட்சாயினியோடு கதைப்பதை விட்டிருந்தார். வானில் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினார். மூன்றாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் இறங்கிய பிறகு அவளை மட்டும் கூப்பிட்டார். ஸ்ரியரிங்கின் மேலே படிவம் விரித்துக் கிடந்தது. எல்லாம் நிரப்பியிருந்தார், அழகான எழுத்து.

"பிள்ளை, சாட்சிக்கு ஒரு கையெழுத்து வைப்பியோ?" அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ கண்ணால கண்டதில்லைத்தான்."

"கண்டனான் அண்ணை. அஞ்சு வருஷமா உங்கட முகத்தைக் கண்டனான்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை கடிதமும் அட்டையும் வந்தன. பத்து மணிக்குச் சிறிதரன் தலைவலையைச் சரிசெய்தார், அட்டையைக் கழுத்தில் மாட்டினார், லைனை விட்டு இறங்கினார். பாதி வழியில் நின்று, யாராவது கூப்பிடுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. ஐந்து நிமிஷமாயிற்று, பத்தாயிற்று. கிரெக் மணிக்கூட்டைப் பார்த்தார். தாட்சாயினி தன் அட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஆண்கள் கழிப்பறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்தபடி சிறிதரன் நின்றார். முகம் கழுவியிருந்தார். ஆனாலும் அழுதது தெரிந்தது.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"மாத்திச் சொல்லிப்போட்டன் பிள்ளை" என்றார். "ஒருத்தரும் வந்து பிடிக்கேல்லை. ஒண்டுமே நடக்கேல்லை." மூக்கை உறிஞ்சினார். "அப்ப நான் இவ்வளவு வருஷமும் என்னத்துக்கு..."

தாட்சாயினி அவருடைய கையுறைகளை வாங்கிக்கொண்டு, அவர் இன்னொரு தரம் முகம் கழுவி வரும் மட்டும் அந்த ஓடையில் நின்றாள்.